டெர்ரி கிரிஃபித்ஸ் மறைவு: ஒரே ஒரு முறை பட்டம் வென்றவருக்கு ஏன் இத்தனை அன்பு?

02.12.2024, இரவு 9:10 (வாசகர் ஒருவரின் கேள்வி)

வேல்ஸ் நாட்டு ஸ்னூக்கர் வீரர் டெர்ரி கிரிஃபித்ஸ் நேற்று தமது 77ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் பார்த்தேன். உலகப் பட்டத்தை ஒரே ஒரு முறைதான் வென்றிருக்கிறார். மிக மெதுவாக ஆடுபவர் என்றும் படித்தேன். ஆறு முறை, ஏழு முறை வென்றவர்கள் எல்லாம் இருக்கும்போது, இவருக்காக இத்தனை பேர் உருகுவது ஏன்? பழைய ஆட்டம் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஐயா.

02.12.2024, இரவு 10:35

தம்பி, பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கும்பகோணத்தில் ஒரு மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் முப்பத்தொரு ஆண்டுகள் மார்க்கராக இருந்தவரின் மகன் நான். மார்க்கர் என்றால் மேசையைப் பராமரித்து, பந்துகளை அடுக்கி, ஆடுபவர்களின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லி, பித்தளை முள்ளைப் பலகையில் நகர்த்தி வைப்பவர். வக்கீல்களும் மிராசுதார்களும் டாக்டர்களும் ஆடுவார்கள். அப்பா சுவரோரம் நின்றிருப்பார். அந்த அறையில்தான் கிரிஃபித்ஸ் என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன்.

புயல் வட பக்கம் கரை கடந்துவிட்டாலும் சம்பா வயலில் நின்ற தண்ணீர் இன்னும் முழுவதும் வடியவில்லை. இன்று காலை மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவும் முன்பாகவே கைப்பேசியில் இந்தச் செய்தியைப் பார்த்தேன். திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மின்சாரம் போய்ப் போய் வருகிறது. நாளை எழுதுகிறேன்.

03.12.2024, காலை 5:50

அவர் பிறந்தது 16.10.1947 அன்று, தென் வேல்ஸில் உள்ள லனெல்லி என்ற ஊரில். அந்த ஊர்ப் பெயரை நான் எழுதியிருப்பது ஏறத்தாழச் சரி, அவ்வளவுதான். அதில் வரும் இரட்டை எல் ஒலி, நம்முடைய ழகரத்தைப் போல, வெளியூரார் நாவுக்கு எளிதில் வராது.

பஸ் கண்டக்டராக இருந்தார், தபால்காரராக இருந்தார், காப்பீட்டு முகவராக இருந்தார். மணமாகிக் குழந்தைகளும் பிறந்த பிறகு, முப்பது வயதைக் கடந்து, 1978இல்தான் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதற்கு முன் 1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து இங்கிலாந்தின் அமெச்சூர் சாம்பியன். மறு ஆண்டு, 1979இல், உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் இரண்டு பேரை வென்று ஷெஃபீல்டு நகரின் க்ரூசிபிள் அரங்குக்குள் நுழைந்தார். அங்கே முந்தைய ஆண்டு இறுதியாட்டம் வரை வந்த பெர்ரி மான்ஸை 13-8 என்றும், அலெக்ஸ் ஹிக்கின்ஸை 13-12 என்றும், அரையிறுதியில் எடி சார்ல்டனை 19-17 என்றும் வென்றார். அந்த அரையிறுதி முடிந்தபோது இரவு 1:40 மணி. களைத்துப்போய்த் தொலைக்காட்சிக்காரரிடம் அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை அங்கே புழங்குகிறது: "இப்போது நான் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டேன், தெரியுமா." அதில் பெருமையைவிட வியப்புதான் மிகுதியாக இருந்தது. இறுதியில் டென்னிஸ் டெய்லரை 24-16 என்று வென்றார். பரிசுத் தொகை 10,000 பவுண்டு. தொழில்முறையில் ஆடிய முதல் போட்டியிலேயே உலகப் பட்டம் வென்றவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மன்றத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் செய்தி நான்கைந்து வரிதான் வந்திருந்தது. வக்கீல் ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, "மார்க்கர், உன் பையன் தபால் பரீட்சை எழுதியிருக்கானே, இங்கே பாரு, ஒரு தபால்காரன் உலக சாம்பியன் ஆயிட்டான்" என்றார். மறு ஆண்டே நானும் தபால்காரனானேன். அதனால்தான் அவரை எனக்கு நெருங்கிய ஒருவராகவே நினைத்து வந்திருக்கிறேன்.

03.12.2024, பகல் 1:15

காலையில் எழுதியதில் ஒரு பிழை. 1979 உலகப் போட்டி அவருடைய முதல் போட்டி அன்று, இரண்டாவது. முதலாவது, 1978இல் நடந்த யூ.கே. சாம்பியன்ஷிப்பின் தகுதி ஆட்டம். அதில் ரெக்ஸ் வில்லியம்ஸுக்கு எதிராக 8-2 என்று முன்னிலையில் இருந்தார். ஃபிரேம் என்றால் பந்துகளை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு தனி ஆட்டம். இன்னும் ஒரே ஒரு ஃபிரேம் போதும். அடுத்த ஏழு ஃபிரேம்களையும் இழந்து 8-9 என்று தோற்றார்.

இந்தப் பிழையைத் திருத்திய பிறகு அந்த மனிதரை இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது. நிலையான வருமானத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புதிய தொழிலில் இறங்கிய முதல் நாளிலேயே அப்படி ஒரு தோல்வி வந்தால் வேறொருவர் பழைய வேலைக்கே திரும்பியிருப்பார். அவர் சில மாதங்களுக்குப் பிறகு ஹிக்கின்ஸுக்கு எதிராக 12-12 என்று நின்ற இடத்தில், கடைசி ஃபிரேமில் 107 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தார்.

04.12.2024, இரவு 8:20

ஒரே ஒரு பட்டம் என்று கேள்வியில் இருந்தது. அது உலகப் பட்டத்துக்கு மட்டும் பொருந்தும். 1980இல் மாஸ்டர்ஸ் கோப்பையை ஹிக்கின்ஸுக்கு எதிராக 9-5 என்று வென்றார். 1982இல் யூ.கே. பட்டத்தையும் அதே ஹிக்கின்ஸிடமிருந்து 16-15 என்று கைப்பற்றினார். ஸ்னூக்கரின் மூன்று பெரும் பட்டங்களையும் வென்றவர்களின் வரிசை சிறியது. அதில் அவர் இருக்கிறார். 1988இல் மீண்டும் உலக இறுதியாட்டம் வரை வந்து ஸ்டீவ் டேவிஸிடம் 18-11 என்று தோற்றார்.

மெதுவாக ஆடுபவர் என்று இன்னொரு நண்பரும் எழுதியிருக்கிறார். உண்மைதான். மேசையைச் சுற்றி வருவார், குனிவார், நிமிர்வார், மறுபடியும் சுற்றி வருவார். வாய்ப்பு இல்லாத இடத்தில் அடிக்காமல், ஆடுபவர் அடிக்கும் வெள்ளைப் பந்தை எதிரிக்கு எட்டாத மூலையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார். ஆனால் இந்தக் குறையைச் சொல்ல நம் காவிரிக் கரைக்காரர்களுக்கு அவ்வளவாக உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். சுவாமி புறப்பாட்டில் நாகசுரக்காரர் தோடியைக் கையில் எடுத்தால் நான்கு வீதி சுற்றி முடிக்கும்வரை விடமாட்டார். விடிய விடியக் கூடவே நடந்த ஊர் இது. அவசரப்படாத கைக்கு நேரம் கொடுத்துப் பழகியவர்கள் நாம்.

05.12.2024, காலை 6:30

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வெற்றிகளுக்காக நான் அவரை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. 23.04.1983 அன்று அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்த சில நிமிடங்களுக்காகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையில் 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பை மேசையோரக் குழியில் விழவைத்தால் ஒரு நிறப் பந்தை விழவைக்கலாம். பதினைந்து முறையும் கறுப்பையே எடுத்து, கடைசியில் ஆறு நிறங்களையும் வரிசையாக எடுத்தால் 147 வரும். ஒருவர் 147 எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிராளிக்கு ஒரு வேலையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தோற்றுக்கொண்டிருப்பதைத்தான் அரங்கம் முழுவதும் கைதட்டி ரசித்துக்கொண்டிருக்கும்.

அன்று க்ரூசிபிள் அரங்கில் முதன்முதலாக 147 எடுத்தவர் கனடாவின் கிளிஃப் தோர்பர்ன். எதிரே நாற்காலியில் இருந்தவர் கிரிஃபித்ஸ்.

கூத்தாநல்லூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அந்த ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்று சும்மா சொல்வதில்லை. அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது தொலைக்காட்சியில் பதிவு செய்த ஒரு கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். 1985இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டில் போட்டோம். அப்பாவை முன்வரிசையில், நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அறைக்குள் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேர் அதுவரை ஸ்னூக்கரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்தப் பச்சை மேசை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

தோர்பர்னின் முதல் சிவப்பு குருட்டாம்போக்கில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு எதுவும் குருட்டாம்போக்கில் நடக்கவில்லை. நூறைத் தாண்டியதும் நாங்கள் எல்லோரும் திரையை நெருங்கிவிட்டோம். அடுத்த மேசையில் ஆடிக்கொண்டிருந்த பில் வெர்பெனியுக் என்பவர்கூடத் தம் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா என் தோளைத் தட்டி, "பந்தைப் பார்க்காதேடா, நாற்காலியைப் பாரு" என்றார்.

பார்த்தேன். கிரிஃபித்ஸ் தம் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளவோ, கூரையைப் பார்க்கவோ, தண்ணீர்க் கோப்பையை எடுத்து நேரத்தைக் கடத்தவோ இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கறுப்பு விழுந்ததும் தோர்பர்ன் முழங்காலிட்டுக் கைகளை உயர்த்தினார். கிரிஃபித்ஸ் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

அப்பா திரும்பி என்னிடம், "இப்படி உட்காரத் தெரிஞ்சவன் நம்ம மன்றத்திலே ஒருத்தன்கூட கெடையாது" என்றார். இருபத்தேழு ஆண்டுகளாக எத்தனையோ பேர் தோற்பதைச் சுவரோரமாக நின்று பார்த்தவர் சொன்ன சொல் அது. தோற்றால் கியூவை மேசைமேல் எறிபவர், எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னாய் என்று மார்க்கர்மேல் பாய்பவர், துணி சரியில்லை என்பவர் என்று எல்லோரையும் அவர் பார்த்திருந்தார்.

05.12.2024, மாலை 6:05

கூத்தாநல்லூர் நண்பர் இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். எழுபது வயதிலும் அவருடைய நினைவு கூர்மையாக இருக்கிறது. "பச்சை மேசை கண்முன் நிக்கிதுன்னு எழுதியிருக்கீங்களே மாப்ள, அன்னைக்கு இருந்தது பிளாக் அண்ட் ஒயிட் டிவி" என்றார். அவர் சொல்வதே சரி. பச்சையாக நான் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து யூடியூபில்தான். இரண்டு நினைவுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

அவர் சொன்ன பிறகு, நான் முற்றிலும் மறந்திருந்த ஒன்று திரும்பி வந்தது. சாம்பல் நிறத் திரையில் எந்தப் பந்து எது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். "அது நீலம், நடுவிலே இருக்கே. அது இளஞ்சிவப்பு. அந்த மூலையிலே மூணு நிக்குதே, நடுவிலே இருக்கிறது பழுப்பு." பந்து நிற்கும் இடத்தை வைத்தே நிறத்தைச் சொன்னார். அதோடு, பழக்கத்தில், தோர்பர்னின் எண்ணிக்கையையும் உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார். நடுவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே எங்கள் தெருவில் தமிழில் எண் விழுந்தது. "நூத்திப் பன்னெண்டு. நூத்திப் பதிமூணு. நூத்தி இருபது."

நண்பர் என்னை மாப்பிள்ளை என்றும் நான் அவரை மாமா என்றும் அழைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

06.12.2024, காலை 7:00

அந்த 147க்குப் பிறகு கிரிஃபித்ஸ் நொறுங்கிப்போனார் என்று எண்ணிவிடக் கூடாது. அது அந்த ஆட்டத்தின் நான்காவது ஃபிரேம்தான். அவர் இருபத்தைந்தாவது ஃபிரேம்வரை இழுத்துக்கொண்டு போனார். 13-12 என்று தோர்பர்ன் வென்றபோது அதிகாலை 3:51 மணி. க்ரூசிபிள் அரங்கில் அவ்வளவு பிந்தி முடிந்த ஆட்டம் வேறொன்று இல்லை. எதிரியைத் தழுவிக்கொண்டவர் எதிரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இவை இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதுதான் என் பதில், தம்பி.

08.12.2024, பிற்பகல் 3:40

மாஸே என்ற அடியைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கியூவை ஏறக்குறைய உலக்கைபோல் செங்குத்தாகப் பிடித்து, வெள்ளைப் பந்தின் ஓரத்தில் மேலிருந்து குத்தினால், அது நேராகப் போகாமல் வளைந்து, வழியில் நிற்கும் பந்தைச் சுற்றிக்கொண்டு போகும். கிரிஃபித்ஸுக்கு அதில் தனித் தேர்ச்சி உண்டு. நம் ஊர் மன்றங்களில் இதற்கு அனுமதி இல்லை. நுனி சற்றுத் தவறினாலும் மேசைத் துணி கிழிந்துவிடும்.

எனக்கு அது தெரிந்திருந்தும், 1974இல், பதினாறு வயதில், அப்பா சாப்பிடப் போன நேரத்தில் அடித்துப் பார்த்தேன். துணி ட வடிவில் கிழிந்தது. ஒரு விரல் நீளம். உள்ளே இருந்த ஸ்லேட் கல் கறுப்பாகத் தெரிந்தது. அந்த நிறம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இதில் தொலைக்காட்சியின் குழப்பம் எதுவும் இல்லை.

அந்தத் துணியை அப்பா எப்படிக் காப்பாற்றி வந்தார் என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். துணிக்குத் தலைமுடிபோல ஒரு திசை உண்டு. பழுப்புப் பந்து நிற்கும் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் பக்கமாக மட்டுமே தூரிகை போட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு பந்து சோம்பிவிடும். அப்பா கொட்டாங்கச்சிக் கரியைக் கொளுத்தி இஸ்திரிப் பெட்டியில் போட்டு, சாம்பல் ஒரு துளிகூட வெளியே வராதபடி ஊதிவிட்டு, முதலில் பழைய செய்தித்தாளின்மேல் வைத்துச் சூடு பார்ப்பார். தாள் பழுக்காமல் இருந்தால்தான் துணிமேல் வைப்பார். பிறகு ஒரே திசையில், நிறுத்தாமல், பன்னிரண்டு அடியும் இழுத்துக்கொண்டே நடப்பார். நடுவில் நின்றால் பெட்டியின் தடம் விழுந்துவிடும். ஒவ்வொரு நாளும் இது நடக்கும்.

திரும்பி வந்து கிழிசலைப் பார்த்தவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஓரத்துத் துணியைத் தளர்த்தி, அடியில் திருபுவனம் பட்டுப் புடவையின் கிழிந்த முந்தானைத் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்டினார். பட்டு மெல்லியது, பந்து ஏறினால் தெரியாது என்றார். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். தாமே தவறவிட்டதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார். எனக்கு இது அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கேசட்டின் பிற்பகுதியில் வேறோர் ஆட்டத்தின் ஒரு துண்டு இருந்தது. கிரிஃபித்ஸ் கியூவைச் செங்குத்தாக நிறுத்தினார். என் வயிறு கலங்கியது. குத்தினார். வெள்ளைப் பந்து வளைந்து போய்ச் சிவப்பைத் தொட்டு நின்றது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கிழிசலைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு பேச்சும் இருந்ததில்லை. அப்பா தம் இடது கையைத் தொடையில் ஊன்றி, விரல்களை விரித்து, என்னிடம் காட்டினார்: "பார்த்தியா, கை மேசையிலே இல்லே, உடம்போட ஒட்டி நிக்குது. நீ கையை மேசையிலே வெச்சிருப்பே. அதான் கிழிஞ்சது." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, திரை தெரியவில்லை.

09.12.2024, காலை 9:15

ஸ்னூக்கர் வெள்ளைக்காரன் ஆட்டம், நமக்கு எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரியால் தொடங்கப்பட்டது என்றும், அதன் விதிகள் 1882இல் நம் உதகமண்டலத்து மன்றத்தில் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டன என்றும் ஆட்ட வரலாறு சொல்கிறது. ஆக, லனெல்லிக்குப் போகும் முன்பே அது நீலகிரியில் இருந்தது.

13.12.2024, இரவு 9:50

மழை இரண்டு நாளாக விடவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வாசலில் ஏற்றிய அகல் நிற்கவில்லை. உள்திண்ணையில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கை மட்டும் ஏற்றினோம்.

லனெல்லியைப் பற்றி ஒரு சேதி. தகரத் தகடுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ரக்பி ஆடுகளத்தின் கம்பங்களின் உச்சியில் சமையல் பாத்திரத்தை ஊர்ச் சின்னமாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பெயரிலேயே கும்பத்தை வைத்திருக்கும், தெருவுக்குத் தெரு பாத்திரக்கடை இருக்கும் ஊர்க்காரனாகிய எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கிரிஃபித்ஸ் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அங்கேயே ஒரு ஸ்னூக்கர் கூடம் தொடங்கினார். கடைசி மூச்சும் அங்கேதான்.

அவருடைய இரண்டாவது வாழ்க்கையைப் பற்றி நான் இதுவரை எழுதாதது பெரிய குறை. 1997இல் க்ரூசிபிளில் கடைசியாக ஆடியபோது, தம் நாட்டு இளைஞர் மார்க் வில்லியம்ஸிடம் 10-9 என்று தோற்றார். அதன் பிறகு அதே வில்லியம்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு உலகப் பட்டங்களை வென்ற பிறகு இவரிடம் வந்து நின்றார். டிங் ஜுன்ஹுய், மார்கோ ஃபூ, பாரி ஹாக்கின்ஸ், மார்க் ஆலன் என்று பட்டியல் நீளும். தம்மைவிட அதிகம் வென்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு தனி மனம் வேண்டும். 1983இல் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தை முழுவதுமாகப் பார்த்தவருக்கு அந்த மனம் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. அவர் மறைந்ததும் அழுதவர்களில் பலர் அவரிடம் தோற்றவர்களோ அவரைத் தோற்கடித்தவர்களோ அல்லர். அவர் பக்கத்தில் நின்று கற்றவர்கள்.

17.12.2024, காலை 5:20

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும் முன்பே விழித்துவிட்டேன்.

மறதி நோயால் நீண்ட காலம் துன்பப்பட்டுத்தான் அவர் இறந்தார் என்பதை இப்போதுதான் கவனித்துப் படித்தேன். அத்தனை ஆட்டங்களையும், எந்தப் பந்து எங்கே நின்றது என்பதையும் சுமந்திருந்த தலை. இதைப் பற்றி இரண்டு பத்தி எழுதி அழித்துவிட்டேன். அந்தக் குடும்பத்தின் துயரத்தைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை.

வேறொன்றைத் திருத்த வேண்டும். அப்பா முதலிலிருந்தே கிரிஃபித்ஸை நேசித்தார் என்ற எண்ணம் மேலே எழுதியதைப் படித்தால் வரும். அப்படி இல்லை. 1979க்குப் பிறகு பத்திரிகைகளில் அவருடைய ஆட்டம் மணிக்கணக்கில் நீள்வதைப் படித்துவிட்டு, "மார்க்கர் கால் வலிக்கிறது அவனுக்கு எங்கே தெரியப்போகுது" என்று சொல்வார். அவருக்குப் பிடித்தவர் வில்சன் ஜோன்ஸ். 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற நம் நாட்டுக்காரர். அவருடைய படம் அப்பாவின் பெட்டிக்குள் இருந்தது. கிரிஃபித்ஸ்மேல் அன்பு வந்தது 1985இல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். அதற்குப் பிறகு, தோற்றுவிட்டுக் கோபத்தோடு வெளியேறும் உறுப்பினர் யாரையாவது பார்த்தால், வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்னைக்கு ஒருத்தனுக்கும் உட்காரத் தெரியலே" என்பார். அம்மாவுக்குக் கிரிஃபித்ஸ் யார் என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும்.

20.01.2025, காலை 8:30

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. லண்டனில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியை ஷான் மர்ஃபி நேற்று வென்றுவிட்டார். இறுதியில் கைரன் வில்சனுக்கு எதிராக 10-7. கிரிஃபித்ஸ் 1980இல் வென்ற அதே பட்டம். அதற்கு முந்தைய நாள் அரையிறுதியில் மர்ஃபி 147 எடுத்தார். எதிரே நாற்காலியில் இருந்தவர் மார்க் ஆலன். மேலே பயிற்சி பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயரை எழுதியிருந்தேன். கைப்பேசியில் அந்தக் காட்சியை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை பந்தைப் பார்த்தேன். இரண்டாம் முறை நாற்காலியைப் பார்த்தேன்.

அப்பாவின் மேசை என்னவாயிற்று என்று கேள்வி கேட்ட தம்பி தனியாக விசாரித்திருந்தார். அப்பா 1989இல் ஓய்வு பெற்றார். 1993இல் மன்றம் மேசையை விற்றது. மரச்சட்டத்தை ஒருவரும் பித்தளைப் பலகையை இன்னொருவரும் வாங்கிப் போனார்கள். அடியில் இருந்த ஐந்து ஸ்லேட் கற்களில் ஒன்றை அப்பா விலை கொடுத்து வாங்கினார். நான்கு ஆட்கள் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் கல்லை வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி நான்கு பக்கமும் தாமே மட்டம் பார்த்து, செங்கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஓலைத் துணுக்குகளைச் செருகிச் செருகிச் சரிசெய்தார். துணி துவைக்கிற கல்லுக்கு எதற்கு மட்டம் என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. 2001இல் அவர் போகும்வரை சாயங்காலங்களில் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்.

நேற்று, அறுப்புக்கு நிற்கும் பயிரின்மேல் மறுபடியும் மழை பெய்தது. இன்று காலை கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கல்லின்மேல் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல், ஓரம்வரை ஒரே கனத்தில் நின்றுகொண்டிருந்தது.